மூன்று அடி எடுத்து வைத்த பிறகு

தன் லிப்ட் எப்போதும் காலியாகவே வருகிறது என்று ஒரு பெண்மணி புகார் எழுதியிருந்தார்.

ஏரிவாக்கம் நகரத்தின் நடமாட்டப் பிரிவில் நான் ஒன்பது வருடங்களாக வேலை பார்க்கிறேன். லிப்ட் வரவில்லை, லிப்டில் கூட்டம், லிப்டில் யாரோ மீன் கொண்டுபோகிறார்கள் என்றெல்லாம் புகார் வந்திருக்கிறது. காலியாக வருவதைக் குறையாகச் சொன்னவர் இவர் ஒருவர்தான். புகாரும் சின்னது. "மூன்றாவது டவர், பதினோராம் மாடி. பதினோரு மாதமாக என் லிப்டில் வேறு ஆள் ஏறவில்லை. ரோட்டிலும் எதிரில் யாரும் வருவதில்லை. தயவுசெய்து பார்க்கவும். ரெஜினா மேரி."

எங்கள் ஊர் லிப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழைய கட்டடங்களில் பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் இருக்கும் லிப்ட் வரும். இங்கே பொத்தானே கிடையாது. எல்லோர் கழுத்திலும் நகர அட்டை ஒன்று தொங்கும். நீங்கள் வீட்டுக் கதவைச் சாத்தும்போதே அட்டை சொல்லிவிடும், லிப்ட் கிளம்பிவிடும். கீழே போனால் வாசற்கதவு, சாலை கடக்கும் சிக்னல், பேருந்து எல்லாமே அதே அட்டையைப் பார்த்துத்தான் இயங்குகின்றன. எல்லாவற்றையும் நடத்துவது ஒரே நிரல். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ஓட்டம். அதற்கு ஒரே ஒரு வேலைதான்: இரண்டு லட்சம் பேரில் யாரும் எங்கும் தேங்கி நிற்கக் கூடாது. குழாயில் தண்ணீர் போவதைப் போலத்தான். சுழல் இல்லாவிட்டால் வேகமாகப் போகும். சுழல் எங்கே உண்டாகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையின் சுவாரசியமே இருக்கிறது.

புகார் எழுதியவரை அழைத்தேன்.

"நடமாட்டப் பிரிவுல இருந்து அன்வர் பேசறேங்க. லிப்ட் பத்தி எழுதியிருந்தீங்களே."

"ஆமா தம்பி. மெஷின்தான் கூப்பிடும்னு நெனைச்சேன். நீங்க ஆள்தானே?"

"ஆள்தாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சுங்க," என்றேன். ஆகவில்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

லிப்டின் எண், நேரம், கதவு திறக்கும் விதம் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு தன் கதையைச் சொன்னார். நகர மருத்துவமனையின் பிரசவ வார்டில் தலைமைச் செவிலியராக இருந்தவர். இந்த ஊர்க் குழந்தைகளில் பாதி அவர் கையில் பிறந்தவை.

"முன்னெல்லாம் பால் வாங்கப் போனா பத்து நிமிஷ தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் தம்பி. ஆளாளுக்கு நிறுத்துவாங்க. சிஸ்டர், இவனுக்குப் பல்லு விழுந்துடுச்சு பாருங்க. சிஸ்டர், இவ உங்க கையில பொறந்தவ, இப்ப சொன்ன பேச்சே கேக்கறதில்ல. என்னவோ நான் சொல்லிக் குடுத்து அனுப்பின மாதிரி."

"இப்ப?"

"ஆறாவது டவர்ல சுகந்தின்னு ஒரு பொண்ணு. அதோட கொழந்த ரெண்டு மணி நேரம்தான் இருந்துச்சு. இதயமே அப்படித்தான் உருவாகியிருந்துச்சுன்னு டாக்டருங்க சொன்னாங்க. யார் மேலயும் தப்பில்லன்னு எழுதியும் குடுத்தாங்க. ஆனா அந்த வாரத்துல இருந்து எனக்கு எதிர்ல ஒருத்தரும் வரல. தூரத்துல தெரியறாங்க. நான் கிட்டப் போறதுக்குள்ள அவங்களுக்குப் பச்சை விழுந்து போயிடறாங்க. லிப்ட்ல மல்லிப்பூ வாசனை இருக்கும், ஆள் இருக்காது. நானும் வேலைய விட்டுட்டேன்."

"போன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு பேருக்குப் பண்ணேன். நல்லாத்தான் பேசினாங்க. போன்ல யாரு நல்லாப் பேச மாட்டாங்க?" என்றார். "மாசக் கடைசில வீட்டக் காலி பண்ணிட்டு நாகர்கோவிலுக்குப் போறேன் தம்பி, தங்கச்சி வீட்டுக்கு. போறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கணும். லிப்ட் கெட்டுப்போச்சா, இல்ல மனுசங்கதானா. லிப்ட் கெட்டுப்போயிருந்தா நல்லாயிருக்கும்."

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன.

லிப்டில் பழுதில்லை. பத்து நிமிடத்தில் அது தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் ஓட்டத்தின் பதிவுகளைத் திறந்தேன்.

நகரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடங்கல் எண் உண்டு. வழியில் நீங்களும் இன்னொருவரும் நின்றதால் நடமாட்டம் எத்தனை தடவை தேங்கியது என்பதுதான் அந்த எண். முன்பு தேக்கம் வந்த பிறகு ஓட்டம் அதைச் சரிசெய்யும். பதினோரு மாதங்களுக்கு முன் ஒரு மாற்றம் செய்தோம். தேக்கம் வரும் முன்பே தடுப்பது. இன்னார் இன்னாரைப் பார்த்தால் நிற்பார்கள் என்று பழைய பதிவிலிருந்து அதற்குத் தெரியும். அதனால் ஒருவரின் லிப்டை நாற்பது வினாடி தாமதிக்கும். அல்லது மற்றவருக்குச் சீக்கிரம் பச்சை விளக்கு போடும். யாரையும் தடுக்காது, எந்தக் கதவையும் பூட்டாது. நாற்பது வினாடிதான். நாற்பது வினாடியில் ஒரு மனிதர் தெருமுனையைத் தாண்டிவிடுவார்.

அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்தது சுகந்தியின் குழந்தை இறந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒரு சராசரி ஆளுக்கு வருடத்துக்குத் தடங்கல் அறுநூறு. மாற்றத்துக்கு முந்தைய வருடத்தில் ரெஜினா மேரிக்குப் பதினெட்டாயிரத்து நானூறு. நகரத்திலேயே முதலிடம். அவரோடு நின்று பேசியவர்கள் எல்லோரையும் ஓட்டம் ஒவ்வொருவராக அவர் வழியிலிருந்து நகர்த்தி வைத்திருந்தது. ஊரில் யாரைப் பார்த்தால் எல்லோரும் நிற்கிறார்களோ, அவரைத்தான் அது யாருமில்லாத தெருவில் நடக்கவிட்டிருந்தது.

ஆனாலும் பதினெட்டாயிரம் அதிகம். கணக்கு எனக்கு இடித்தது. ஒரு பழைய சந்திப்பை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். திரையில் மனிதர்கள் வெறும் புள்ளிகள்தான். பால் பூத் அருகே இரண்டு புள்ளிகள் சேர்கின்றன. நான்கு நிமிடம். பிரிகின்றன, மூன்று அடி. உடனே ஒரு புள்ளி திரும்பி வருகிறது. இரண்டு நிமிடம். மறுபடி பிரிகின்றன. இந்த முறை மற்ற புள்ளி திரும்புகிறது. மொத்தம் பதினோரு நிமிடம் நடந்த ஒரே பேச்சை ஓட்டம் ஏழு தடங்கல்களாக எண்ணியிருந்தது.

ஏனென்றால் விதி அப்படி. இரண்டு பேர் மூன்று அடி விலகினால் பேச்சு முடிந்தது என்று பொருள். மறுபடி சேர்ந்தால் அது புதிய தடங்கல். நம் ஊரில் "சரி, வரேன்" என்று சொன்ன பிறகுதான் பாதிப் பேச்சு தொடங்கும். மூன்று அடி வைத்ததும் சொல்ல மறந்தது ஞாபகம் வரும். சில சமயம் சொல்ல வந்ததே அதுவாகத்தான் இருக்கும். இதை யோசிக்காமல் எந்த ஊர்க்காரர் அந்த விதியை எழுதினார் என்று பதிவேட்டைப் பார்த்தேன்.

நான்தான் எழுதியிருந்தேன். எட்டு வருடங்களுக்கு முன். சோதனைக்கு ஒரு வருட நடமாட்டப் பதிவு தேவைப்பட்டது. யாரிடமும் அனுமதி கேட்டு அலைய வேண்டாமே என்று என் அட்டையின் பதிவையே எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வருடத்தில் என்னிடம் பேசிவிட்டு மூன்று அடி தள்ளிப்போன யாரும் திரும்பி வரவில்லை. விதி நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது.

பிரிவின் தலைவர் கோமளா மேடத்திடம் போனேன்.

"மேடம், ஓட்டத்துல ஒரு தப்பு இருக்கு. என் தப்பு."

"சுருக்கமாச் சொல்லுங்க அன்வர். நீங்க டீ வேணுமான்னு கேட்டாலே தண்ணி எப்படிக் கொதிக்குதுன்னு ஆரம்பிப்பீங்க."

சுருக்கமாகச் சொல்லப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆனது. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"திருத்தினா என்ன ஆகும்?"

"மாதிரி ஓட்டிப் பாத்தேன். ஒரு சாலைய கடக்கற நேரம் சராசரியா நாலு வினாடி கூடும்."

"நாலு வினாடி. ரெண்டு லட்சம் பேருக்கு. ஆம்புலன்சுக்கும் சேத்து." அவர் பேனாவை மூடி வைத்தார். "போன வருஷம் எங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப ஒரு சிக்னல்லகூட வண்டி நிக்கல. வழியெல்லாம் பச்சை. இதெல்லாம் அன்வர் செஞ்சதுன்னு அம்மாகிட்ட சொன்னேன். அப்பா இன்னிக்கும் உக்காந்து பேப்பர் படிக்கறார்."

மேடம் மேசை நாட்காட்டியைப் புரட்டினார்.

"எழுதிக் குடுங்க. ஏப்ரல் பரிசீலனைல வைக்கறேன்."

"அந்தம்மா இந்த மாசக் கடைசில போறாங்க மேடம்."

"அவங்க கேட்டது லிப்ட் பத்தி. லிப்ட்ல பழுதில்லன்னு பதில் போடுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். பதிலை எழுதியும் விட்டேன். "தங்கள் லிப்ட் பரிசோதிக்கப்பட்டது. பழுது ஏதும் இல்லை." அனுப்பும் முன் அவர் குரல் நினைவுக்கு வந்தது. லிப்ட் கெட்டுப்போயிருந்தா நல்லாயிருக்கும். பழுது இல்லை என்ற வரியைப் படித்தால் அவர் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்துக்கொள்வார். அனுப்பாமல் வைத்துவிட்டேன்.

அடுத்து நான் பார்த்ததைப் பார்க்க எனக்கு உரிமையில்லை. ரெஜினா மேரியிடமிருந்து ஓட்டம் மிக அதிகமாக விலக்கி வைத்த ஆள் யார் என்று தேடினேன். சுகந்தி. ஆறாவது டவர். மூன்று மாதத்தில் முப்பத்தொரு தடவை.

ஆறாவது டவரின் கீழேயே பால் பூத் இருக்கிறது. ஆனால் சுகந்தி வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாலை ஐந்தரைக்கு இரண்டு சாலைகளைக் கடந்து மூன்றாவது டவர் பால் பூத்துக்கு வருகிறார். ரெஜினா மேரி பால் வாங்க இறங்கும் நேரம் அது. சுகந்தி கொஞ்சம் நிற்கிறார், திரும்பிப் போகிறார். அவர் திரும்பும் வரை பதினோராம் மாடி லிப்டின் கதவு மூடாமல் நிற்கிறது.

திட்ட வருகிறாரா, வேறெதற்கு வருகிறாரா? ஓட்டத்துக்கு நடை தெரியும். நடப்பவர் மனதில் இருப்பது தெரியாது. வீட்டுக்கே போய் மணியடித்திருக்கலாமே என்று முதலில் தோன்றியது. பிறகு புரிந்தது. மணியடித்துச் சொல்லக்கூடிய விஷயங்கள் இருக்கின்றன. எதேச்சையாக எதிரில் பார்த்தால் மட்டுமே சொல்ல வாய் வருகிற விஷயங்களும் இருக்கின்றன. நாங்கள் அந்த எதேச்சையைத்தான் ஊரிலிருந்து எடுத்துவிட்டிருந்தோம்.

அப்போது எனக்கு இன்னொன்று தோன்றியது. என் லிப்டும்தான் பல நாள் காலியாக வருகிறது. தெருவில் என்னையும் யாரும் நிறுத்துவதில்லை. ஒருவேளை என்னையும் ஓட்டம்தான் விலக்கி வைத்திருக்கிறதோ? அந்த நினைப்பில் ஒரு நிம்மதி இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். என் எண்ணைத் தட்டினேன். சென்ற வருடத் தடங்கல்: பூஜ்யம். விலக்கப்பட்ட சந்திப்புகள்: பூஜ்யம்.

என் லிப்ட் காலியாக வருவது அது காலியாக இருப்பதால்தான்.

திரையை அணைத்துவிட்டு ரெஜினா மேரியின் விஷயத்துக்குத் திரும்பினேன். விதியை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் ஓட்டத்தில் எது எதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் எவ்வளவு நேரம் நின்றாலும் தடங்கலாக எண்ணப்படாத ஒரே இடம் பேருந்து நிறுத்தம். அங்கே நிற்பவர் பயணி. பேருந்து வரும் வரை காத்திருப்பது அவர் வேலை. மஞ்சள் கோட்டுக்குள் நிற்கும் வரை ஓட்டம் அவரைக் கண்டுகொள்ளாது, அவருக்காக மற்றவர்களை நகர்த்தவும் நகர்த்தாது.

மூன்றாவது டவர் பால் பூத்துக்கு எதிரிலேயே ஒன்பதாம் நிறுத்தம் இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் பேருந்தின் தடம் மாறியதால் அது கணக்கிலிருந்து போய்விட்டது. கூரையும் பெஞ்சும் அப்படியே இருக்கின்றன. அந்த நிறுத்தத்துக்கு ஒரு பேருந்தைப் பதிவு செய்தால் போதும், அது மறுபடி நிறுத்தமாகிவிடும். சோதனைப் பேருந்து பதிவு செய்ய எனக்கு அதிகாரம் உண்டு. ஒன்பது ஏ, தினமும் மாலை ஆறு மணி. பேருந்து வராவிட்டால் என்ன ஆகும் என்றால், "வரவில்லை" என்று குறித்துவிட்டு மறுநாள் மறுபடி எதிர்பார்க்கும். ஓட்டம் நம்மைப் போல் சலித்துக்கொள்ளாது.

ரெஜினா மேரியை அழைத்தேன்.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சேகாலுக்கு பால் பூத் எதிர்ல பஸ் ஸ்டாப்புல நிக்க முடியுமாங்க?"

"அங்க பஸ்ஸே வராதே தம்பி."

"வராதுங்க. ஒரு சோதனை."

"லிப்ட் சரியில்லன்னா பஸ் ஸ்டாப்புல நிக்கச் சொல்றீங்க. இதையே நான் வார்டுல பண்ணியிருந்தேன்னா?" அவர் சிரித்தார். "சரி, நிக்கறேன். எனக்கு வேற என்ன வேலை."

மறுநாள் நானும் போனேன். போக வேண்டியதில்லை. திரையிலேயே புள்ளிகளைப் பார்த்திருக்கலாம். பெஞ்சின் ஒரு ஓரத்தில் நீல நிறப் புடவையில், பால் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். நான் மறு ஓரத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எதிரில் ஒரு ஆள் இருப்பதே அதிசயம் என்பது போல.

ஐந்து முப்பத்தாறுக்குச் சுகந்தி சாலையைக் கடந்தார். சிக்னல் அவரை அவசரப்படுத்தவில்லை. பால் பூத்தைப் பார்த்தார், பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். நின்றுவிட்டார். ரெஜினா மேரி எழுந்தார். தூக்கின் மூடி கீழே விழுந்து உருண்டது. இருவருமே அதை எடுக்கவில்லை. சுகந்தி மஞ்சள் கோட்டுக்குள் வந்தார்.

"சிஸ்டர்."

"திட்டணும்னா திட்டிடும்மா," என்றார் ரெஜினா மேரி.

"எதுக்கு சிஸ்டர்?" சுகந்திக்கு மூச்சு வாங்கியது. "நான் ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா... உங்க வீட்டு மணிய அடிக்க கை வரல. நான் மயக்கத்துல இருந்தேன்ல. நீங்க அவனை ஏதோ பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்கன்னு அத்தை சொன்னாங்க. என்ன பேருன்னு அவங்களுக்கு ஞாபகம் வரல. நாங்க பேர் வெக்கறதுக்குள்ள போயிட்டான். அவனுக்கு இருந்தது அது ஒன்னுதானே. அது என்ன சிஸ்டர்?"

ரெஜினா மேரி அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"தும்பி," என்றார். "சன்னல் கம்பியில ஒரு தும்பி வந்து உக்காந்திருந்துச்சு. நீ பொறந்ததப் பாக்க யாரு வந்திருக்கா பாரு தும்பின்னு சொன்னேன். அப்புறம் அதையே சொல்லிட்டிருந்தேன். கூப்பிட்டப்ப கண்ணத் தொறந்து பாத்தான்மா."

"பாத்தானா?"

"ரெண்டு தடவ."

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வேலையில் மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் வராது.

அவர்கள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது ஏ வரவில்லை. சுகந்தி எழுந்து, "வரேன் சிஸ்டர்," என்றார். மஞ்சள் கோட்டைத் தாண்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் திரும்பினார். "யாரு சாயல் சிஸ்டர்?" மூக்கு மட்டும் அவன் அப்பாவுடையது என்றார் ரெஜினா மேரி. மறுபடி மூன்று அடி. இந்த முறை தூக்கின் மூடியை எடுத்துக்கொடுக்கத் திரும்பினார். அதற்கடுத்து, "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அத்தை மீன் கொழம்பு வெப்பாங்க."

"வரேன்," என்றார் ரெஜினா மேரி. அடுத்த மாதம் என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

சுகந்தி போன பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த பஸ்ஸுக்கு தம்பி?"

"ஒன்பது ஏ."

"அது வராதுன்னு நடமாட்டப் பிரிவுல ஒரு தம்பி சொல்லிச்சே." என் முகத்தைப் பார்த்தார். "குரலும் அதே குரலா இருக்கு."

"லிப்ட் கெட்டுப்போச்சுங்க," என்றேன். "கெடுத்தது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, நாற்பது வினாடி, மூன்று அடி, பதினெட்டாயிரத்து நானூறு. அவர் குறுக்கே கேள்வி கேட்டார், நல்ல கேள்விகள். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப எல்லாரும் எங்கிட்ட அதிகமாப் பேசினதாலதான் யாரும் பேசாமப் போனாங்களா?"

"ஏப்ரல்ல சரியாகலாம். அதுவரைக்கும் இந்த பஸ் தினமும் வராம இருக்கும். நீங்க இங்க வரலாம், மத்தவங்களும் வரலாம்."

"சரி தம்பி. வரேன்."

"சரிங்க."

இருவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டினோம். அவர் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். என் வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் மூன்று அடி வைத்தேன்.

"தம்பி."

திரும்பினேன்.

"அன்னிக்கு போன்ல சாப்பிட்டேன்னு சொன்னீங்களே. பொய்தானே?"

பதில் சொல்ல நான் அந்த மூன்று அடியையும் திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாக என் எண்ணைத் தட்டினேன். தடங்கல்: ஐந்து. அதை அழிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அழிக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஒரு மாலை, கடைக்குப் போகலாம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். லிப்ட் வழக்கம் போல் காலியாக வந்தது. ஏறினேன். கதவு மூடவில்லை. பத்து வினாடி. இருபது. பழுதாக இருக்குமோ என்று மேலே பார்த்தேன். முப்பதாவது வினாடியில் எனக்கு விளங்கியது, இதை எழுதியவனுக்கே அவ்வளவு நேரம் ஆனது.

கீழே என் வாசல் வழியாக யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தால் நிற்கக்கூடியவர்கள்.

படிக்கட்டை ஓட்டத்தால் நிறுத்தி வைக்க முடியாது. என் வீடு இரண்டாவது மாடிதான். லிப்டிலிருந்து வெளியே வந்து இரண்டிரண்டு படியாக இறங்கினேன்.